போர்லாக் மென்பொருளில் மண், பாறை அடுக்குகளைச் சரியாகக் காட்டுவது

போர்லாக் (துளையிட்டுக் கண்ட மண், பாறை அடுக்குகளின் பதிவு) தாளைக் கையில் எடுத்ததும் கண் போவது புள்ளியும் கோடுமாக நடுவில் ஓடும் பட்டைக்குத்தான். அதை ஓவியம்போல வரைய உட்கார்ந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். உள்ளே இருப்பது ஒரு அட்டவணை: மேல் ஆழம், கீழ் ஆழம், குறியீடு, விவரிப்பு. அட்டவணை ஒழுங்காக இருந்தால் பட்டை தானே வரும். இன்னொன்று, மென்பொருளுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. நீங்கள் ஊகித்துப் போட்ட எல்லையையும் கண்ணால் பார்த்த எல்லையையும் அது ஒரே தடிப்பில் கோடிழுத்துக் காட்டும். எது பார்த்தது, எது ஊகித்தது என்று சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் ஒரே துளையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தரைமட்டம் 23.45 மீட்டர், துளையின் ஆழம் 16.50 மீட்டர்.

0.00 – 0.90: நிரப்பு மண்
0.90 – 3.30: மென்மையான களிமண்
3.30 – 5.60: வண்டல் கலந்த மணல்
5.60 – 9.20: விறைப்பான களிமண்
9.20 – 12.00: முற்றிலும் சிதைந்த கிரானைட்
12.00 – 16.50: கிரானைட் பாறை

பூஜ்யம் எங்கே?

முதல் அடுக்கை உள்ளிடும் முன் ஆழம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்று பாருங்கள். ரிக்கில் (துளையிடும் இயந்திரத்தில்) நிற்பவர் ராடு, அதாவது துளைத்தண்டு, நீளத்தைக் கூட்டித்தான் ஆழம் சொல்வார். அவர் மேடையிலிருந்து அளந்திருந்து, மேடை தரைக்கு 0.60 மீட்டர் மேலே இருந்தால், எல்லா எல்லைகளும் 0.60 மீட்டர் கீழே தள்ளிப்போகும். மிதவையில் நின்று தண்ணீருக்குள் துளையிட்ட இடங்களில் இந்தப் பிசகு பல மீட்டர் வரை போகும். தரையை, நீருக்கடியில் என்றால் அடித்தரையை, பூஜ்யமாக வையுங்கள். ஆழம் கீழ்நோக்கி நேர்மறை எண்ணாக இருக்கட்டும். மட்டத்தைக் கையால் தட்டாமல் மென்பொருளையே கணக்கிட விடுங்கள்: மணலின் மேல்மட்டம் 23.45 − 3.30 = 20.15. பிறகு சர்வேயர் தரைமட்டத்தைத் திருத்தினாலும் ஒரே எண்ணை மாற்றினால் போதும்.

சாய்துளையில் ராடு நீளம் வேறு, செங்குத்து ஆழம் வேறு. கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் 20 மீட்டர் துளைத்தால் செங்குத்து ஆழம் 17.32 மீட்டர்தான். அடுக்குகளை எப்போதும் துளை நீளத்திலேயே பதியுங்கள். கோணத்தைத் துளையின் தலைப்புத் தகவலில் கொடுங்கள். ஒரு மென்பொருள் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து −60 என்று கேட்கும், இன்னொன்று செங்குத்திலிருந்து 30 என்று கேட்கும். மாற்றிக் கொடுத்தாலும் எந்தப் பிழைச்செய்தியும் வராது. குறுக்குவெட்டில் துளை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

அடுக்கு அட்டவணை

ஒரு அடுக்கின் கீழ் ஆழமும் அடுத்ததன் மேல் ஆழமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் பட்டையில் வெள்ளைக் கீற்று தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இரண்டு ஹேட்ச்களும் (பொருளைக் காட்டும் நிரப்புக் கோலங்களும்) கலந்து அச்சாகும், அல்லது பின்னால் வந்தது முன்னதை மறைத்துவிடும். வசதி இருந்தால் மேல் ஆழத்தை மட்டும் உள்ளிட்டு, கீழ் ஆழத்தை அடுத்த வரிசையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அப்படிச் செய்தால் கடைசி அடுக்கின் கீழ் ஆழத்தைத் தனியாகத் தர வேண்டும். மறந்துவிட்டால் பாறை அச்சாகாமலே போகும்.

விரிதாளிலிருந்து இறக்கும்போது மூன்று கோளாறுகள் வழக்கமாக வரும். ஆழம் எழுத்தாகப் பதிந்திருந்தால் 12.00 மீட்டர் 3.30க்கு முன்னால் வந்து நிற்கும், அடுக்குகள் தலைகீழாகும். சூத்திரத்தில் வந்த 3.3000001 என்ற எண் 3.30உடன் பொருந்தாமல் முடியளவு இடைவெளியை உண்டாக்கும். எல்லா ஆழங்களையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டு இறக்குங்கள். மூன்றாவதுதான் மோசம்: சோதனையின் சுத்தியல் அடி எண்ணிக்கையை 4-6-9 என்று தட்டினால் விரிதாள் அதைத் தேதியாக்கிவிடும், மூல எண்ணைத் திரும்பப் பெறுவது சிரமம். மூன்று எண்களையும் மூன்று பத்திகளில் போடுங்கள்.

அடுத்தது, எதற்குப் புது அடுக்கு போடுவது? முதன்மைப் பொருள் மாறினால், அல்லது தோற்றம் மாறினால், அதாவது கொட்டிய மண் முடிந்து இயற்கை மண் தொடங்கினால், புது அடுக்கு கட்டாயம். நிறம் மட்டும் மாறினால் தேவையில்லை; 'கீழ்நோக்கிச் சாம்பல் நிறமாகிறது' என்று விவரிப்பில் எழுதினால் போதும். உறுதி மாறும்போதுதான் யோசிக்க வேண்டும். களிமண் மெல்ல மெல்ல இறுகினால் ஒரே அடுக்காக விடலாம். மென்மையிலிருந்து விறைப்புக்குத் திடீரென்று தாவினால் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் அடித்தளம் கணக்கிடுபவர் அந்தக் கோட்டைத்தான் தேடுவார். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு அடுக்கு என்று 16 மீட்டருக்கு 14 வரிசை போட்டு வைத்த லாக்கைப் படிப்பவருக்கு எந்த மாற்றம் முக்கியம் என்றே விளங்காது.

மெல்லிய பட்டைகளை முதன்மை அட்டவணையில் சேர்க்காதீர்கள். களிமண்ணுக்குள் 3 செ.மீ. மணல் இழை 1:50 அளவுகோலில் 0.6 மி.மீ.தான், இரண்டு எல்லைக் கோடுகளின் தடிப்பே அதை விழுங்கிவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கென்று தனி விவர அட்டவணை இருக்கிறது. நிலத்தடி ஆய்வுத் தரவைப் பரிமாறப் பயன்படும் ஏ.ஜி.எஸ். வடிவத்திலும் முதன்மை அடுக்குகளுக்கு ஒரு குழு, அடுக்குக்குள் இருக்கும் விவரங்களுக்கு இன்னொரு குழு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் மெலிந்தது என்பதற்காக எதையும் விட்டுவிடக் கூடாது. பாறைக்குள் 2 செ.மீ. களிமண் இழை இருந்தால் சரிவு அந்த இழையிலேயே நழுவக்கூடும். அதைத் தடிப்புக்கு ஏற்ப வரைய முயலாமல், ஆழத்தில் ஓர் அம்புக்குறியும் பக்கத்தில் ஒரு வரியும் போடுங்கள்.

எல்லைக் கோட்டின் நேர்மை

உதாரணத் துளையில் 4.50 – 4.95 மாதிரி மணல், 6.00 – 6.45 மாதிரி களிமண். எல்லை 4.95க்கும் 6.00க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அட்டவணையில் 5.60 என்று இருப்பது, அந்த ஆழத்தில் துளையிலிருந்து திரும்பிவரும் நீரின் நிறம் மாறியதாகத் துளையாளர் குறித்திருப்பதால். அந்தக் குறிப்பும் இல்லாவிட்டால் நடுப்புள்ளியான 5.48 போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள், அந்த இரண்டாவது தசமம் உண்மையில் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது. 5.5 என்று போட்டு, எல்லை வகையை 'ஊகம்' என்று குறியுங்கள்.

எல்லை வகைக்கென்று அட்டவணையில் ஒரு பத்தி சேர்ப்பது நல்லது. மாதிரியிலோ கோரிலோ (உருளையாக வெட்டியெடுத்த பாறையிலோ) நேரில் பார்த்தால் முழுக்கோடு, ஊகித்தால் விட்டுவிட்ட கோடு (துண்டு துண்டான கோடு), படிப்படியாக மாறினால் புள்ளிக்கோடு அல்லது சாய்கோடு. பல மென்பொருள்களில் கோட்டின் பாணியை ஒரு பத்தியின் மதிப்போடு இணைக்க முடியும். இயலாவிட்டால் எல்லாக் கோடுகளையும் விட்டுவிட்ட கோடாக்கி, பார்த்தவற்றை மட்டும் முழுக்கோடாக மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் மறந்துபோனவை எல்லாம் உறுதியானவைபோலத் தெரியும்.

ஹேட்ச்

களிமண்ணுக்கு எந்தக் குறி என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் வழக்கத்தில் களிமண் கிடைமட்டச் சிறுகோடுகள், வண்டல் பெருக்கல் குறிகள். பல அமெரிக்க டெம்ப்ளேட்களில் களிமண் சாய்கோடு, வண்டல் செங்குத்துக் கோடு. மணலுக்குப் புள்ளி, சரளைக்கு வட்டம் என்பதில் மட்டும் சண்டை குறைவு. அமெரிக்கக் கூட்டாட்சிப் புவித்தரவுக் குழு 2006இல் வெளியிட்ட நிலவியல் குறித் தரத்தில் பாறை வகைகளுக்கு எண்ணிட்ட குறிகள் உள்ளன: மணலுக்கு 607, சுண்ணாம்புக்கல்லுக்கு 627. எதை எடுத்தாலும் திட்டம் முழுவதற்கும் ஒரே நூலகம், முதல் தாளிலேயே குறிவிளக்கம்.

ஹேட்சை விவரிப்போடு நேரடியாக இணைக்காமல் குறியீட்டோடு இணையுங்கள். 'வண்டல் கலந்த மணல்', 'வண்டல் மணல்', 'மணல், சிறிது வண்டல்' என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள், குறியீடு எஸ்.எம். ஒன்றுதான். கலப்பு மண்ணுக்கு முதன்மைக் குறியை அடர்த்தியாகவும் துணைக் குறியைச் சிதறலாகவும் ஒரே கட்டத்தில் வரையலாம். முதன்மைப் பொருளோடு ஒரு துணைப்பொருள் போதும். மூன்றாவது சேர்ந்தால் அச்சில் கரும்படலம்தான் மிஞ்சும்.

குறியீட்டோடு எந்தத் தரநிலைப்படி வகைப்படுத்தியது என்பதும் பதிவாக வேண்டும். ஏ.எஸ்.டி.எம். டி 2487இல் மணலின் மேல்வரம்பு 4.75 மி.மீ., ஐ.எஸ்.ஓ. 14688இல் 2 மி.மீ. ஆகவே 3 மி.மீ. துணுக்கு ஒன்றில் மணல், மற்றதில் சரளை. நுண்மண்ணின் எல்லையும் முதலாவதில் 0.075, இரண்டாவதில் 0.063. இரண்டு தரத்தில் எழுதிய லாக்குகளைக் கலந்து ஒரே குறுக்குவெட்டு வரைந்தால், நிலத்தில் இல்லாத சரளைப் படுகை ஒன்று படத்தில் முளைக்கும்.

புதுக் குறி உருவாக்கும்போது கட்டத்தை அச்சில் சுமார் 10 மி.மீ. அகல உயரத்துக்கு வையுங்கள். இடது ஓரத்தில் வெட்டுப்படும் கோடு வலது ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையில் தையல் தெரியும். ஹேட்ச் கோடு 0.13 மி.மீ., அடுக்கு எல்லை 0.35 மி.மீ. என்றால் எல்லை தெளிவாகத் தனித்து நிற்கும். குறியின் அளவு காகிதத்தோடு கட்டப்பட்டதா, ஆழ அளவுகோலோடு கட்டப்பட்டதா என்பதையும் பாருங்கள். இரண்டாவது என்றால் 1:50இல் அழகாக இருந்த மணல் 1:200இல் கறுத்துப்போகும். நிறம் சேர்க்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் இளமஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுதான்.

விவரிப்பு

சொற்களின் வரிசையை எல்லா அடுக்குக்கும் ஒன்றாக வையுங்கள்: உறுதி, அமைப்பு, நிறம், துணைப்பொருள், முதன்மைப் பொருள், பிறகு நிலவியல் பெயர். ஆங்கில லாக்குகளில் முதன்மைப் பொருளைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தமிழில் அதற்கு வழியில்லை, தடித்த எழுத்தில் போடுங்கள். தமிழில் அச்சிடுவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். யூனிகோடு தெரியாத பழைய நிரல்களில் கேள்விக்குறி வரிசையாக நிற்கும். தெரிந்த சிலவற்றிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும்.

மெல்லிய அடுக்குக்கு நீளமான விவரிப்பு இருந்தால் எழுத்து கீழ் அடுக்கின் இடத்துக்குள் வழியும். எழுத்தைச் சிறிதாக்குவது தீர்வல்ல. விவரிப்பைக் கீழே தள்ளி, சாய்ந்த இணைப்புக் கோட்டால் பட்டையின் எல்லையோடு சேர்க்கும் வசதி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு, அதை இயக்குங்கள்.

பாறை

மண்ணுக்கு ஒரு அட்டவணை போதும், பாறைக்குக் குறைந்தது மூன்று வேண்டும்: பாறை வகை, சிதைவுத் தரம் (எண் கூடக் கூடச் சிதைவும் கூடும்), கோர் ரன் (ஒரே தடவையில் கோர் எடுத்த நீளம்). மூன்றின் எல்லைகளும் வேறு வேறு. நம் துளையில் பாறை வகை 12.00 – 16.50 ஒன்றேதான். சிதைவு 14.20 வரை மூன்றாம் தரம், அதற்குக் கீழே இரண்டாம் தரம். ரன்கள் 12.00 – 13.50, 13.50 – 15.00, 15.00 – 16.50. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் திணித்தால் நடு ரன்னை 14.20இல் வெட்டி, ஒரே ஆர்.க்யூ.டி.யை (ரன் நீளத்தில் 10 செ.மீ.க்குக் குறையாத உறுதியான துண்டுகளின் சதவீதத்தை) இரண்டு முறை எழுத வேண்டிவரும். பிறகு சராசரி எடுப்பவருக்கு அது இரண்டு அளவீடாகத் தெரியும்.

முதல் ரன்னில் கிடைத்த கோர் 1.26 மீட்டர் என்றால் மீட்பு 126 ÷ 150 = 84 சதவீதம். 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள உறுதியான துண்டுகள் 24, 18, 15, 12, 11 செ.மீ.; கூட்டினால் 80. ஆர்.க்யூ.டி. 80 ÷ 150 = 53 சதவீதம், அதாவது நடுத்தரம். கிடைத்த கோரால் வகுத்தால் 63 வரும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். நீளத்தைத் துண்டின் மைய அச்சில் அளக்க வேண்டும். துளையிடும்போதோ பெட்டியில் வைக்கும்போதோ ஒடிந்ததை விரிசலாக எண்ணக் கூடாது. முகம் புதிதாக, கரடாக இருந்து இரண்டு துண்டும் கச்சிதமாகப் பொருந்தினால் அது பெரும்பாலும் கையால் வந்த உடைப்பு.

இழந்த 0.24 மீட்டரை எங்கே காட்டுவது? வேறு தடயம் இல்லாவிட்டால் ரன்னின் அடியில் போடுவது வழக்கம். ராடு திடீரென்று இறங்கியதாகவோ நீர் திரும்பி வராமல் போனதாகவோ குறிப்பிருந்தால் அந்த ஆழத்தில் போடுங்கள். இழப்பைக் கிரானைட் ஹேட்சால் நிரப்பாமல் வெற்றிடமாக விட்டு, குறுக்குக் கோடு போடுங்கள்.

மீட்பு 100ஐத் தாண்டினால் மென்பொருள் கோபிக்கும், சரியாகவே கோபிக்கும். அடுத்த ரன்னில் 1.58 மீட்டர் கிடைத்தது, 105 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ரன்னில் அடியில் ஒடியாமல் நின்ற 8 செ.மீ. இப்போது மேலே வந்திருக்கிறது. எண்ணை 100 என்று மாற்றிவிட்டு நகராதீர்கள். அந்த 8 செ.மீ. முதல் ரன்னுக்குச் சொந்தம்: அதன் மீட்பு 1.34 மீட்டர், 89 சதவீதம். இழப்பு 0.16 மீட்டராகக் குறைகிறது. அதோடு 13.42க்குக் கீழே பாறை இருந்தது நிச்சயமாகிவிட்டதால் இழப்பு அடியில் இல்லை, அதற்கு மேலேதான். துண்டின் நீளம் மாறியிருந்தால் ஆர்.க்யூ.டி.யையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

வரைபடத்தில் ஆர்.க்யூ.டி.யைப் படிக்கட்டாகவோ பட்டையாகவோ காட்டுங்கள். நடுப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், அளக்காத இடத்திலும் மதிப்பு இருப்பதாகத் தோன்றும்.

சிதைந்த பாறையை மண்ணாக வரைவதா, பாறையாக வரைவதா என்பது ஓயாத வாதம். ஐந்தாம், ஆறாம் தரங்களை மண்போல விவரித்து, நிலவியல் குறியீட்டில் கிரானைட் என்றே வைத்தால் இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்கும். நடுவில் உருண்டைப் பாறாங்கல் ஒன்று கோராக வந்தால் அதைத் தனி அடுக்காகக் காட்டுங்கள், ஆனால் பாறைப் படுகையின் குறியீட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பாறை மேல்மட்ட வரைபடம் அந்தக் கல்லின் தலையில் ஏறி நிற்கும்.

அடி எண்ணிக்கையும் நீர்மட்டமும்

எஸ்.பி.டி. எனும் நிலையான ஊடுருவல் சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் 760 மி.மீ. உயரத்திலிருந்து விழுகிறது; 150 மி.மீ. வீதம் மூன்று கட்டம், கடைசி இரண்டின் அடிகளைக் கூட்டினால் வருவதுதான் 'என்' (N) மதிப்பு. நம் துளையில் 10.50 மீட்டரில் 22, 41, பிறகு 80 மி.மீ.க்கு 50 என்று நின்றுபோனது. 50ஐயும் 80ஐயும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். 300 மி.மீ.க்கு நீட்டி 188 என்று எழுதினால் அப்படி ஒரு அளவீடு நடக்கவே இல்லை. வரைபடத்தில் உச்சவரம்பில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 50/80 என்று எழுதினால் போதும்.

நீர் தென்படாத துளையில் நீர்மட்டப் பத்தியைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் முக்கோணக்குறி தரையிலேயே அச்சாகும். நீர் தட்டிய ஆழமும் பிறகு ஏறி நின்ற மட்டமும் வேறு வேறு பதிவுகள், இரண்டுக்கும் தேதியும் நேரமும் வேண்டும்.

தாள்

ஏ4 தாளில் இருபுறமும் 15 மி.மீ. விட்டால் 180 மி.மீ. அகலம் மிஞ்சும். ஆழம் 12, மட்டம் 14, ஹேட்ச் 15, விவரிப்பு 62, மாதிரி 20, எஸ்.பி.டி. 25, மீட்பும் ஆர்.க்யூ.டி.யும் 18, நீர் 14 என்று பிரித்தால் சரியாக அடங்கும். உயரத்தில் 200 மி.மீ. பட்டைக்குக் கிடைக்கும், 1:50 என்றால் பக்கத்துக்கு 10 மீட்டர். நம் 16.50 மீட்டர் துளை இரண்டு பக்கம் போகும். 1:100இல் ஒரே பக்கத்தில் அடங்கும், ஆனால் 30 செ.மீ. அடுக்கு 3 மி.மீ. ஆகிவிடும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதியை அணைத்தே வையுங்கள். அது ஒவ்வொரு துளைக்கும் ஒரு அளவுகோலைத் தரும், இரண்டு லாக்குகளை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

துளைகளை இணைக்கும்போது

குறுக்குவெட்டில் அடுக்குகளை இணைப்பது ஹேட்ச் குறியீட்டை வைத்து அல்ல, தனியாகத் தந்த அலகுக் குறியீட்டை வைத்து. நம் துளையில் இரண்டு களிமண் உண்டு: மேலே மென்மை, கீழே விறைப்பு. இரண்டுக்கும் ஒரே அலகுக் குறியீடு தந்தால் பக்கத்துத் துளையின் கீழ்க் களிமண்ணோடு இங்குள்ள மேல் களிமண் கோத்துக்கொள்ளும்.

பக்கத்துத் துளை 8 மீட்டரில் நின்றுவிட்டது என்றால் அதில் கிரானைட் வரிசை இருக்காது. சில மாதிரியாக்க நிரல்கள் அதை 'பாறை இங்கே இல்லை, தடிப்பு பூஜ்யம்' என்று எடுத்துக்கொண்டு அடுக்கைக் கூர்மையாக ஒடுக்கிவிடும். உண்மையில் துளை அதுவரை போகவில்லை, அவ்வளவுதான். துளையின் முடிவு ஆழத்தையும் நிறுத்திய காரணத்தையும் தலைப்புத் தகவலில் நிரப்பி, 'எட்டவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நிரல் தனித்தனி மதிப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் அந்தத் துளையைப் பாறைப் பரப்பின் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, துளை முடிந்த ஆழத்துக்குக் கீழே வெட்டுப்படத்தில் கேள்விக்குறியோடு விட்டுவிட்ட கோடு போடுங்கள்.